2008 விண்டேஜ் (ஒரே வருஷ அறுவடை) ஷாம்பெய்ன், வீவக (சிங்கப்பூர் அடுக்குமாடி) வீட்டு அலமாரியில் 4 வருஷம்: இன்னும் குடிக்கலாமா?

(பேசுபவர் பெயருக்குப் பதில் அவரவர் வட்டாரம்.)

செங்காங்: சனிக்கிழமை அப்பா அம்மாவின் 40ஆம் கல்யாண நாள். 750 மில்லி 2008 புரூட் (இனிப்பு குறைந்த ஷாம்பெய்ன்) ஒன்று இருக்கிறது. ஏர்கான் இல்லாத அறை, அட்டைப்பெட்டிக்குள் படுக்கப் போட்டது. 8 பேர். திறக்கும்முன் என்ன பார்க்கணும்?

தெம்பனிஸ்: சரியான இடம் 10–12 டிகிரி, இருட்டு. நம்மூர் 30 டிகிரியில் ஒயின் வேகமாகக் கிழடு தட்டும். ஆனால் 2008 புளிப்பு தூக்கலான, நெடுநாள் தாங்கும் வருஷம், அதனால் நம்பிக்கை இருக்கு. கார்க்கைச் சுற்றிய தகட்டுக்கு அடியில் பிசுபிசுப்பு, கழுத்தில் ஒயின் மட்டம் இறங்கியிருப்பது, இரண்டும் கசிவின் அடையாளம். எதற்கும் சாதாரண பாட்டில் ஒன்றை ஃபிரிட்ஜில் போட்டு வையுங்க.

ஜூரோங்: முதல் நாளே நிமிர்த்தி ஃபிரிட்ஜில் வைங்க. ஃபிரீசர் வேண்டாம், மறந்தால் வெடிக்கும். நேரமில்லையென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், 25 நிமிஷம். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் இடையில் காற்று நிற்கும், குளிர் மெதுவாகத்தான் ஏறும்.

நன்றாகக் குளிர்ந்த நிலையிலேயே திறங்க, உள்ளழுத்தம் குறைந்திருக்கும். ஆனால் குடிப்பது 10–12 டிகிரியில். 5 டிகிரியில் அந்தத் தேன், வறுத்த பருப்பு வாசனை எழவே எழாது. கிளாஸில் ஊற்றிக் கொஞ்சம் விட்டாலே போதும், நம்ம வெக்கை பார்த்துக்கொள்ளும்!

கார்க்கைப் பிடித்திருக்கும் கம்பிக்கூட்டுக்கு 6 அரைச்சுற்று. தளர்த்துங்க, கழற்றாதீங்க, கட்டைவிரல் கார்க் மேலேயே இருக்கட்டும். 45 டிகிரி சாய்த்து, கார்க்கை இறுகப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்க. வேர்த்த பாட்டில் வழுக்கும், துண்டு அவசியம். பழைய கார்க் இறுகிப்போய் ஒடியலாம். ஒடிந்தால் மறுபடி குளிரவைத்து, துண்டு போர்த்தி, முகத்தை விலக்கி, கார்க் திருகியை மெல்ல இறக்குங்க. திருகி துளைத்ததும் காற்று சீறும். அது அடங்கின பிறகுதான் இழுக்கணும்.

தெம்பனிஸ்: ஒல்லியான ஃபுளூட் கிளாஸ் வேண்டாம், வெள்ளை ஒயின் கிளாஸ் போதும். ஆளுக்கு 90 மில்லி வரும். கூட உளுந்து வடை, முந்திரி வறுவல் வைங்க. லட்டு, கேசரியைத் தள்ளி வையுங்க. புரூட்டில் லிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழேதான் சர்க்கரை. இனிப்புக்குப் பிறகு வெறும் புளிப்பாகத்தான் நாக்கில் நிற்கும்.

செங்காங்: திறந்தாச்சு. 'புஸ்' என்றுகூட வரலை! நிறம் அடர்ந்த தங்கம். வாசனை பன்ரொட்டி மாதிரி. ஒரு கிளாஸில் நுரையே இல்லை, பக்கத்துக் கிளாஸில் இருக்கு.

ஜூரோங்: சத்தம் வராதது நல்லாத் திறந்ததுக்கு அடையாளம். நிறமும் வாசனையும் வயசுக்குச் சரியே. நனைந்த அட்டை வாசனை வந்தால் கார்க் கெடுதல். தேநீர் நிறமும் அடிபட்ட ஆப்பிள் வாசனையும் சேர்ந்தால் காற்றுப் பட்டுப்போச்சு. உங்களுடையது இரண்டும் இல்லை. நுரை வராதது கிளாஸின் குறை, சோப்பு ஒட்டியிருக்கும். வெந்நீரில் அலசி, பருத்தித் துணியால் துடைத்து ஊற்றுங்க. துணியின் நுண்ணிய நார்தான் குமிழிக்கு வித்து.