ஹோல்டனும் கர்ட் கோபேனும் ஒரே வார்ப்பா?

பழையகேசட்:
சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் தி ரை’ (1951) இப்போதுதான் முடித்தேன். பதினாறு வயசுப் பையன் ஹோல்டன், பார்க்கிறவர்களையெல்லாம் போலி போலி என்று திட்டிக்கொண்டே நியூயார்க்கைச் சுற்றுகிறான், எனக்கோ மண்டைக்குள் நிர்வானா ராக் இசைக்குழுவின் பாட்டுதான் ஓடியது. 1992இல் ரோலிங் ஸ்டோன் இசைப் பத்திரிகையின் அட்டைப்படத்துக்கே அந்த மாதிரிப் பத்திரிகைகளை நக்கலடிக்கும் டி-ஷர்ட் போட்டு நின்றவர் அந்தக் குழுவின் பாடகர் கோபேன். ஒற்றுமை நிஜமா, நான்தான் வலிந்து முடிச்சுப் போடுகிறேனா?

பேஸ்கிட்டார்:
பாதி நிஜம். ஹோல்டனுக்குப் போலித்தனம் எப்போதும் அடுத்தவரிடம்தான். தானும் சகட்டுமேனிக்குப் பொய் சொல்பவன் என்று அவனே ஒப்புக்கொள்கிறான், ஆனால் அதற்காகத் தூக்கம் கெடுவதில்லை. கோபேன் அந்தக் குற்றச்சாட்டைத் தன் மேலேயே திருப்பிக்கொண்டார். நிர்வானாவின் ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனையே அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் முதலிடத்திலிருந்து இறக்கிய பிறகு யார் யாரோ ரசிகர்களானார்கள். இனவெறியர்களும் பெண்களை வெறுப்பவர்களும் எங்கள் கச்சேரிக்கு வராதீர்கள் என்று ஆல்பம் உறையிலேயே எழுத வேண்டியதாயிற்று. தற்கொலைக்கு முன் எழுதிய கடைசிக் கடிதத்திலும், மேடையில் சந்தோஷமாக இருப்பதுபோல் நடித்து மக்களை ஏமாற்றுகிறோமே என்ற உறுத்தல்தான். ஹோல்டனுக்கு ரசிகர்கள் கிடையாது, தப்பித்தான்.

மழைநாள்:
எனக்கு இந்த ஒப்பீடே பிடிக்கவில்லை. ஜாய் டிவிஷன் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் பாடகர் இயன் கர்டிஸைப் பாருங்கள். காஃப்கா, தஸ்தயேவ்ஸ்கி எல்லாம் படித்தவர், ஒரு பாட்டுக்குக் கோகோல் நாவலின் பெயரையே வைத்தவர், உடனே ‘குற்றமும் தண்டனையும்’ நாயகன் ரஸ்கோல்னிகோவின் தம்பி என்று எழுதிவிடுகிறார்கள். மனுஷனுக்கு வலிப்பு நோய், அதற்கு அந்தக் காலத்துக் கடுமையான மாத்திரைகள், வீட்டில் கல்யாணம் முறிகிற நிலை. அமெரிக்கப் பயணத்துக்கு முந்தைய நாள், 1980 மே மாதம், 23 வயதில் தற்கொலை செய்துகொண்டு போய்விட்டார். கோபேனுக்கும் தீராத வயிற்றுவலி, ஹெராயின். நோயை எல்லாம் தத்துவமாக்காதீர்கள் சாமி.

பழையகேசட்:
சரிதான், அதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் பாட்டில் ஒரு பாத்திரம் இருக்கிறதே, அதைப் பேசலாம்தானே?

பேஸ்கிட்டார்:
தாராளமாக. ஆனால் கோபேனே தேடிப்போன நாயகன் ஹோல்டன் இல்லை, கிரெனூயி. சூஸ்கிண்டின் ‘பெர்ஃப்யூம்’ நாவலை வைத்துத்தான் நிர்வானாவின் 1993 ஆல்பம் ‘இன் யூட்டரோ’வில் ஒரு பாட்டே இருக்கிறது. மனித வாடை ஆகாமல் வருஷக்கணக்கில் மலைக்குகையில் கிடக்கிறவன் அவன். கடைசியில் தான் செய்த வாசனையால் ஒரு ஊரே அவனைக் கொண்டாடும்போது, அந்தக் கூட்டத்தின் மேல் அவனுக்கு வெறுப்புதான் வருகிறது. 1993இல் கோபேனுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் வேறு யார்?