மிடி கீபோர்டில் அழுத்தினால் சத்தம் தாமதமாக வருகிறது, எந்த டிரைவர் போடுவது?

கலவைக்காரன்:
வணக்கம். ராணிப்பேட்டை பக்கம் கலவை. எங்க ஊர் தெருக்கூத்து செட்டோட பாட்டுகளை லேப்டாப்பில் பதிவு பண்றோம். மிருதங்கம், முகவீணை மைக்கில் எடுத்தாச்சு. ஆர்மோனியத்தை மட்டும் மிடி கீபோர்டில் வாசிக்கலாம்னு பார்த்தா, கட்டையை அழுத்தி கொஞ்சம் கழிச்சுத்தான் சத்தம் வருது. தாளத்தோட ஒட்டவே இல்ல. விண்டோஸ் 10, ரீப்பர்னு பதிவு சாஃப்ட்வேர், மைக்கை லேப்டாப்போட இணைக்கிற ரெண்டு இன்புட் யூஎஸ்பி இன்டர்ஃபேஸ். கடையில கேட்டா புது கீபோர்டு வாங்கச் சொல்றாங்க. நல்ல மிடி டிரைவர் எது?

காட்பாடி கீஸ்:
புது கீபோர்டெல்லாம் வேண்டாங்க. மிடி கேபிள்ல சத்தமே போறதில்ல. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமா அழுத்தினீங்க, எப்போ விட்டீங்க, அந்தச் சேதி மட்டும்தான். ஒரு நோட்டுக்கு மூணு பைட். பழைய 5 பின் கேபிள்லயே ஒரு மில்லிசெகண்டுக்குள்ள போய்ச் சேர்ந்துடும். தாமதம், சத்தத்தை உண்டாக்குற லேப்டாப்போட ஆடியோ பக்கம். ரீப்பர்ல ஆப்ஷன்ஸ், ப்ரிஃபரன்சஸ், ஆடியோ, டிவைஸ் போங்க. ஆடியோ சிஸ்டம்னு என்ன இருக்கு?

கலவைக்காரன்:
வேவ்அவுட்னு இருக்குண்ணே.

காட்பாடி கீஸ்:
அங்கதான் சிக்கல், அது விண்டோஸோட பழைய ஆடியோ வழி. அதை ஏசியோவுக்கு மாத்துங்க, அது தாமதம் கம்மியான டிரைவர் முறை. ஏசியோ விண்டோஸ் 10ஓட வராது. உங்க இன்டர்ஃபேஸ் கம்பெனி தளத்துல அதே மாடலுக்கான டிரைவரை எடுங்க. அது இல்லாட்டி மட்டும் ஏசியோ4ஆல்ங்கிற பொது டிரைவர். எடுத்ததுமே அதைப் போடச் சொல்ற வீடியோக்களை நம்பாதீங்க.

அடுத்தது பஃபர், அதாவது லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்து வெச்சு அனுப்புற சாம்பிள் எண்ணிக்கை. சாம்பிள் ரேட், அதாவது செகண்டுக்கு எத்தனை சாம்பிள்ங்கிறது, 44,100 வெச்சு 1024 பஃபர்னா 23 மில்லிசெகண்ட். 256னா ஆறு கூட இல்ல. டிரைவரும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும், ஆனா விரலுக்குத் தெரியாது. வாசிக்கும்போது 128 இல்ல 256, மிக்ஸிங்குக்கு 1024. ப்ரிஃபரன்சஸ்ல மிடி கருவிகளுக்கான பக்கத்துல கீபோர்டை எனேபிள் பண்ணுங்க, டிராக் இன்புட்ல மிடியைத் தேர்ந்தெடுங்க. வேற சாஃப்ட்வேர் அதே கீபோர்டைப் பிடிச்சிருந்தா மூடிடுங்க. பழைய விண்டோஸ் மிடி முறையில ஒரு போர்ட்டு பெரும்பாலும் ஒருத்தருக்குத்தான்.

ஆரணி ஆடியோ:
256ல படபடன்னு வெடிச்சா வைஃபையை அணைச்சுப் பாருங்க தம்பி. லேட்டன்சிமான்ங்கிற சோதனை சாஃப்ட்வேரை ஓடவிட்டா எந்த டிரைவர் இடைஞ்சல் பண்ணுதுன்னு காட்டிடும். பவர் பிளானை ஹை பெர்ஃபாமன்ஸ்ல வைங்க. மைக்ல உம்முனு இரைச்சல் வந்தா சார்ஜரைப் பிடுங்கிட்டு பேட்டரியில எடுங்க. நம்ம பக்கம் எத்தனை வீட்டு ப்ளக்ல எர்த் ஒழுங்கா இருக்குன்றீங்க!

கலவைக்காரன்:
256ல சுத்தமா வருதுண்ணே, ஆர்மோனியமும் மிருதங்கமும் இப்ப ஒண்ணாப் போகுது. ஆனா ரீப்பர் திறந்திருந்தா யூடியூப்ல சத்தம் வரல?

காட்பாடி கீஸ்:
சில ஏசியோ டிரைவர் அப்படித்தான், கருவி முழுசையும் தானே பிடிச்சுக்கும். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கிலயும் ரீப்பரிலயும் சாம்பிள் ரேட் ஒண்ணா இருக்கான்னு முதல்ல பாருங்க. அப்பவும் வரலன்னா, ப்ரிஃபரன்சஸ்ல ஆடியோ பக்கத்துலயே, ரீப்பர் நின்னு பின்னாடி போனதும் ஆடியோ டிவைஸை மூடுற டிக் ஒண்ணு இருக்கும். அதைப் போடுங்க.