முகத்துக்கு லேசர்: கண்ணை மூடிக்கொண்டால் போதுமோ?

வெள்ளவத்தை_மது: காலி வீதியில ஒரு இடத்தில (பெயர் வேண்டாம்) மேலுதட்டு மயிருக்கு லேசர் அடிச்சனான். செய்யிற பிள்ளை தான் மட்டும் பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எனக்கு ஈரப் பஞ்சு ரெண்டைக் கண்ணில வைச்சு, "மூடிக்கொண்டு கிடவுங்கோ அக்கா" எண்டாள். இது சரியோ?

சலூன்_ராணி: கன இடத்தில அப்பிடித்தான். வெளிச்சம் பட்டால் கண் தானா மூடும். வருசக்கணக்கா செய்யிறன், ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்ல. சும்மா சனத்தைப் பயப்படுத்தாதேங்கோ.

நேர்ஸ்_தர்சி: தானா மூடுறது தெரியிற வெளிச்சத்துக்கு, ராணி அக்கா. மயிர் எடுக்கிற டயோட் லேசர் 810 நனோமீற்றர் அளவில, என்டி-யாக் எண்ட மற்ற வகை லேசர் 1064. ரெண்டும் அகச்சிவப்பு. இமைத் தோல் ஒரு மில்லிமீற்றர் கூட வராது, பஞ்சை நம்பேலாது. லேசர் தேடிப் போறது மெலனின் எண்ட கறுப்பு நிறமியை. அது மயிரில மட்டுமே இருக்கு? கதிராளியிலயும் (கண்மணியைச் சுத்தியிருக்கிற நிற வளையம்) விழித்திரைக்குப் பின்னாலயும் கிடக்கு. விழித்திரை சுட்டால் நோகவும் மாட்டுது.

சலூன்_ராணி: அப்ப என்ர கண்ணாடியைக் குடுத்தால் சரிதானே.

கொட்டாஞ்சேனை_மெக்கானிக்: இல்லை. அதில எந்த அலைநீளத்துக்கு எண்டு அடிச்சிருக்கும், பக்கத்தில ஓடி (OD) எண், எவ்வளவு ஒளியைத் தடுக்கும் எண்டு காட்டுறது. ஓடி 5 எண்டால் இலட்சத்தில ஒரு பங்குதான் உள்ள விடும், அதுவும் அந்த அலைநீளத்துக்கு மட்டும். மூக்கடியில இடைவெளியும் விடும். படுத்திருக்கிறவைக்கு ஒளி புகாத உலோக மூடிதான் வேணும்.

வெள்ளவத்தை_மது: புருவத்துக்குக் கீழ செய்யலாமோ?

நேர்ஸ்_தர்சி: அங்கதான் வில்லங்கமே. கண்ணை இறுக்கி மூடினால் முழி மேல உருளும், பெல் நிகழ்வு எண்டுறது. கதிராளி நேர புருவத்துக்குக் கிட்டப் போயிடும். இமைக்கு மேல வைக்கிற அந்த உலோக மேல்மூடி கையுக்கு இடைஞ்சல் எண்டு விளிம்பைக் கிளப்பிப்போட்டு அடிக்கிறவையும் இருக்கினம். கதிராளி அழற்சி, கண்மணி கோணிப்போனது எல்லாம் மருத்துவ சஞ்சிகையளில வந்திருக்கு. விறைப்புத் துளி விட்டு இமைக்குள்ள உலோக மூடி வைக்கிற வைத்தியர் இல்லாட்டில் தொடவே கூடாது.

சலூன்_ராணி: சலூனில ஆர் இமைக்குள்ள மூடி வைக்கிறது? புருவத்துக்கு நான் நூல்தான். ஆனா ஒண்டு, மேல்மூடி குளிருது, அமத்துது எண்டு சனமே கழட்டுது. அதுக்கும் நானோ பொறுப்பு?

கொட்டாஞ்சேனை_மெக்கானிக்: ஓம். கழட்டினால் மெசினை நிப்பாட்ட வேண்டியது நீங்கள்தான்.

சலூன்_ராணி: சொல்லுறது சுகம். பின்னேரம் ஆறு மணிக்கு வரிசையில சனம் நிக்கேக்க வந்து பாருங்கோ.

நேர்ஸ்_தர்சி: மது, பார்வையில புள்ளி, மங்கல், வெளிச்சத்துக்குக் கூச்சம் ஏதும் இருந்தால் சலூனுக்கு கோல் எடுக்காம நேர தேசிய கண் வைத்தியசாலைக்குப் போங்கோ.

வெள்ளவத்தை_மது: ஒண்டும் இல்லை. வெள்ளிக்கிழமை அடுத்த தவணை. மூடி காட்டாட்டில் எழும்பி வாறன்.

சலூன்_ராணி: அட்வான்ஸ் திருப்பித் தராயினம், இப்பவே சொல்லிப்போட்டன்.