மறு: 'மீட்பு' வேண்டாம், 'தடமேற்றம்' போதும்

வணக்கம் ஐயா,

தண்டவாளத்தை விட்டு இறங்கிய ரயில் எஞ்சினைத் திரும்ப ஏற்றிவைக்கும் வேலைக்குத் தமிழ்ச் சொல்லாகத் தாங்கள் முன்வைத்த 'இருப்பூர்தி மீட்டெடுப்பு' எனக்கு ஒட்டவில்லை. மீட்பு என்றால் ஆளை மீட்பது. விபத்துக்கு ஒரு வண்டியில் டாக்டரும் ஸ்ட்ரெச்சரும் வரும், இன்னொன்றில் ஜாக்கியும் கட்டையும் கிரேனும் வரும். இரண்டுக்கும் மீட்பு என்றே பெயர் வைத்தால், ராத்திரி போனை எடுப்பவர் எதைக் கிளப்புவார்?

காட்பாடிப் பக்கம் நான் வேலை பார்த்த காலத்தில் கூட இருந்த யாரும் 'தடம் புரண்டது' என்று சொன்னதில்லை. அது பேப்பர் தமிழ். எங்களுக்கு "ஆறு சக்கரம் எறங்கிடுச்சி", வேலை முடிந்தால் "ஏத்தியாச்சி". பல நேரம் எஞ்சின் புரள்வதே இல்லை. நின்ற வாக்கில் ஜல்லியில் புதைந்து நிற்கும். ('சொன்ன சொல் புரளாதவர்' என்பதுபோல, விலகுதல் என்கிற பொருளில் 'புரள்' சரிதானே என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன்.)

ஒரு யார்டில் மழை விட்ட இரவு பார்த்தது. எஞ்சினின் முன் போகியில் (அச்சும் சக்கரமும் பொருத்திய அடிச்சட்டம்) மூன்று அச்சும் கீழே. ஜல்லியைத் தோண்டி, கட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன்மேல்தான் ஜாக்கி. அடுக்கு சரியில்லை என்றால் எஞ்சின் ஏறாது, கட்டைதான் மண்ணுக்குள் போகும். அதற்கும் முன்னால் போகியை எஞ்சின் உடம்போடு சங்கிலி போட்டுக் கட்டவேண்டும். மறந்தால் ஸ்பிரிங் விரிந்து உடம்பு மட்டும் எழும்பும், சக்கரம் இருந்த இடத்திலேயே கிடக்கும்.

பிறகு "தூக்கு, ஒதுக்கு, எறக்கு". 60 கிலோ தண்டவாளத்தின் உயரமே 172 மி.மீ., ஒரு சாண்கூட இல்லை. சரக்கு ரயில் இழுக்கும் டபிள்யூ.ஏ.ஜி.-9 மின்சார எஞ்சினின் எடை 123 டன். உயரம் பெரிதில்லை, அந்தப் பாரத்தைப் பக்கவாட்டில் விரல் விரலாக நகர்த்துவதுதான் உயிரை வாங்கும். சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தைத் தாண்டியதா என்று ஒருவர் டார்ச்சோடு குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

140 டன் கிரேன் இருக்கிறதே என்று கேட்கலாம். கை நீள நீள அதன் தூக்கும் திறன் குறையும். அதோடு ஜோலார்பேட்டை வரை தலைக்குமேல் 25,000 வோல்ட் கம்பி. மின்சாரத்தை நிறுத்தி, எர்த் போட்டு, கம்பியை ஒதுக்கிய பிறகே கையைத் தூக்கமுடியும். நின்ற எஞ்சினுக்கு ஜாக்கியே மேல்.

கிரேனுக்குப் 'பளுதூக்கி' என்ற யோசனையையும் விட்டுவிடுவோம். வேலூரில் பளுதூக்கி என்றால் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கிய நம்ம சதீஷ் சிவலிங்கம்தான். கிரேன் கிரேனாகவே இருக்கட்டும்.

இன்னொரு அன்பர் தேர்த்திருவிழாவிலிருந்து 'நிலைசேர்ப்பு' எடுத்துக் கொடுத்தார். காதுக்கு இனிமை. ஆனால் தேர் நிலைக்கு வந்தால் அந்த வருஷத்து ஓட்டம் முடிந்தது. எஞ்சின் ஏறிய பிறகுதான் சக்கர இடைவெளியை அளந்து, மெல்ல ஷெட்டுக்கு இழுத்துப் போகவேண்டும்.

ஆகவே தடமேற்றம், 'ஜாக்கித் தடமேற்றம்', 'கிரேன் தடமேற்றம்' என்று பிரித்துக்கொள்ளலாம். கவிழ்ந்ததற்கு முதலில் 'நிமிர்த்தல்', பிறகே தடமேற்றம். கடைசியில் இறக்கித்தானே வைக்கிறோம், எப்படி ஏற்றம் என்று கேட்காதீர்கள்: இறங்குவது ஜாக்கி, ஏறுவது வண்டி.

எதிர்ச்சொல்தான் இன்னும் வசப்படவில்லை. 'தடமிறக்கம்' என்றால் யாரோ வேண்டுமென்றே இறக்கிவிட்ட மாதிரி இருக்கிறது. 'தடமிறங்கல்' எப்படி?