சோராபாரி: கேதார்நாத்தை அழித்தது ஏரியா, மழையா?

மலைநாடன்:
"குளம் அளவுள்ள பனியேரிகளால் ஊர் அழியாது, கேதார்நாத்தை அழித்தது மழைதான்" என்று வேலவன் நேற்று எழுதியதைப் படித்துப் பொறுக்க முடியவில்லை. கோயிலுக்கு மேலே சுமார் 2 கி.மீ. தொலைவில், ஏறத்தாழ 3,900 மீட்டர் உயரத்தில் இருந்த சோராபாரி ஏரி வெறும் 400 மீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் கொண்டது. அதன் கரை பாறையன்று. பனியாறு, அதாவது மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரள், ஒதுக்கிவிட்டுப் போன கல்லும் மண்ணும் கலந்த தளர்ந்த மேடு. நீர் வெளியேற வாய்க்காலும் கிடையாது, அடியில் கசிந்தால்தான் உண்டு. 2013 ஜூன் 17 காலை அந்த மேடு உடைந்து, 5 முதல் 10 நிமிடங்களுக்குள் ஏரி முழுவதும் கேதார்நாத் வழியே ஓடும் மந்தாகினி ஆற்றில் இறங்கியது. இதன் பிறகும் சிறிய ஏரி என்று அலட்சியமாகப் பேச எப்படி மனம் வருகிறது?

வேலவன்:
முதல் வெள்ளம் 16ஆம் தேதி மாலை 5.15 மணிக்கே வந்துவிட்டது. ஏரி உடைந்தது மறுநாள் காலை 6.45 மணிக்கு. ஊரின் மேற்பகுதியும் சங்கராச்சாரியார் சமாதியும் முதல் நாள் மாலையே அடித்துச் செல்லப்பட்டன. வாடியா இமயமலை நிலவியல் ஆய்வு நிறுவனத்தார் பனியாற்று முகாமில் வைத்திருந்த மழைமானி, 24 மணி நேரத்தில் 325 மி.மீ. பதிவு செய்தது. 16 மாலைக்கு மலைநாடன் பதில் சொல்லட்டும்.

கயல்விழி:
சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரியும் 1970களில் சிறிய ஏரிதான். பனியாறு பின்வாங்கப் பின்வாங்க அது வளர்ந்தது. 2023 அக்டோபரில் பக்கவாட்டு மேடு சரிந்து ஏரிக்குள் விழுந்தபோது எழுந்த வெள்ளம், சுங்தாங்கில் தீஸ்தா-3 அணையையே உடைத்தது. சிறியது என்று இன்று ஒதுக்குவதை நாளை எங்கே தேடுவது?

வேலவன்:
அம்மையார் வளர்ந்த ஏரியைக் காட்டிச் சிறிய ஏரிக்கு வாதாடுகிறார்.



மலைநாடன்:
16 மாலை, 16 மாலை என்று ஒன்றையே பிடித்துத் தொங்குகிறீர்கள். அன்று மாலை வந்தது சரஸ்வதி ஆறும் தூத் கங்கையும் பெருகிய வெள்ளம். அதை யார் மறுத்தார்கள்? மறுநாள் காலை வந்ததோ பாறைகளையும் சேற்றையும் சுமந்த வெள்ளம். வாய்க்கால் இல்லாத ஏரியில் அந்த 325 மி.மீ. மழையும் உருகிய பனியும் சேர்ந்தால், தளர்ந்த மேடு எவ்வளவு நேரம் தாங்கும்? மழையைத் தேக்கிவைத்து ஒரே மூச்சில் கொட்டியது ஏரி. 15 முதல் 20 மீட்டர் ஆழம் என்றால் பத்து லட்சம் கன மீட்டருக்கு மேல் நீர். இமயத்தில் இப்படிப்பட்ட ஏரிகளுக்குக் கீழே மக்கள் குடியிருக்கிறார்கள். அவர்களிடம் பயப்படாதீர்கள் என்று சொல்லும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது?

அருளாளன்:
ஏரியின் அடி சரிந்து செல்வது. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்குவதற்கு அது தொட்டி அல்ல. ஆகவே மலைநாடனின் கணக்கு மிகை.

மலைநாடன்:
பாதியாகவே வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. ஐந்து லட்சம் கன மீட்டர் பத்து நிமிடத்தில் செங்குத்தான சரிவில் இறங்கினால் கீழே என்ன மிஞ்சும்? கணக்கைத் திருத்த வந்தவர் அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஏரி உடையவில்லை என்று வேலவன் சொல்லட்டும், நான் விலகிக்கொள்கிறேன்.

வேலவன்:
உடையவில்லை என்று நான் எங்கே எழுதினேன்? 16 மாலை இடிந்த கட்டடங்களை 17 காலை உடைந்த ஏரி எப்படி இடித்தது என்றுதான் கேட்கிறேன். மூன்றாம் முறையாகக் கேட்கிறேன்.

மலைநாடன்:
மூன்றாம் முறையும் அதே பதில்தான். 17 காலையைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதிவிட்டு வாருங்கள், பேசலாம்.