ஊறுகாய் ஜாடி சுட மின்சூளை கிடைக்குமா?

வணக்கம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் மின்சூளை வைத்திருப்பவர்கள் யாராவது இந்தக் குழுவில் இருக்கிறீர்களா?

அம்மா மாங்காய் ஊறுகாய் போட்டு வைக்க ஒரு ஜாடி கையாலேயே செய்திருக்கிறேன். ஸ்டோன்வேர் களிமண், அதாவது அதிகச் சூட்டில் கல் போல இறுகும் மண். சக்கரம் இல்லை, மண்ணைத் திரி திரியாக உருட்டி, வட்டம் வட்டமாக அடுக்கி ஏற்றியது. ஒவ்வொரு இணைப்பிலும் கீறல் போட்டு, குழைத்த மண் தடவி, உள்ளும் புறமும் விரலால் இழுத்து மூடியிருக்கிறேன். கழுத்துக்குக் கீழே வெள்ளைக் களிமண் கரைசல் பூசி, பாதி காய்ந்ததும் ஆணி முனையால் தாழை மடல்கள் கீறினேன். கீறின இடத்தில் அடியிலுள்ள பழுப்பு மண் தெரிவது அவ்வளவு அழகு!

இப்போது மழை. நன்றாகக் காயட்டும், ஈரத்தோடு சுட்டால் நீராவியில் வெடித்துவிடும்.

முதல் சூடு 1000 டிகிரி செல்சியஸ் போதும். மெருகு (சூட்டில் உருகிக் கண்ணாடி போலப் படியும் பூச்சு, கிளேஸ்) பூசிய பிறகு 1200க்கு மேல் வேண்டும். சட்டி பானை சுடும் சூளையில் அந்தச் சூடு வராது. உப்பும் புளிப்பும் மாதக்கணக்கில் கிடக்கிற பாத்திரம் என்பதால் ஈயம் கலக்காத மெருகுதான் வேண்டும். புளிப்பில் ஈயம் கரைந்து இறங்கும். ஈயமில்லாத மெருகு எங்கே சில்லறையாகக் கிடைக்கும்?

மணவாளக்குறிச்சி கருமணலைத் தூவினால் புள்ளி புள்ளியாக வரும் என்று ஒரு நண்பர் சொன்னார். அதில் கதிரியக்கமுள்ள தோரியம் அடங்கிய மோனசைட் என்ற கனிமமும் கலந்திருக்கும், சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு வேண்டாம்.

அப்புறம், மூடியை ஜாடிமேல் வைத்தே சுடலாம் என்றிருக்கிறேன். இரண்டின் விளிம்பிலும் மெருகு பூசாமல் விட்டால் ஒட்டாமல் வருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். சூளை வாடகை எவ்வளவு என்றாலும் தனிச்செய்தியில் சொன்னால் போதும்.