புதுப்பிப்பு: கெமராவைப் பூட்டியது யார் என்று தெரிந்துவிட்டது

எங்கள் விற்பனைப் பிரிவின் 23 அலுவலகக் கைபேசிகளிலும் ஒரே காலையில் கெமரா முடங்கிவிட்டது என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். குற்றவாளி அகப்பட்டுவிட்டான்: நான்தான்.

அலுவலகக் கைபேசிகளை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் முகாமை மென்பொருள் என் பொறுப்பில் இருக்கிறது. அதில் கணக்குப் பிரிவுக்கு மட்டும் இட வேண்டிய கெமராத் தடையை, நிறுவனம் முழுவதற்குமான இயல்புநிலை அமைப்பில் இட்டிருக்கிறேன். மேலே இடுவது கீழுள்ள பிரிவுகளுக்கெல்லாம் தானாகவே இறங்கும். அங்கே தனி அமைப்பு இருந்தால்தான் நிற்கும். விற்பனைப் பிரிவுக்கு அப்படி எதுவும் இருக்கவில்லை. புறக்கோட்டையில் கடை கடையாக ஏறி ரசீதுகளைப் படமெடுப்பவர்கள் என்னைத் திட்டியதில் நியாயம் இருக்கிறது.

‘எனக்கு வேலை செய்கிறதே’ என்று முகாமையாளர் சொன்னதுதான் என்னை இரண்டு நாள் குழப்பியது. அவருடையது சொந்தக் கைபேசி. அதில் பணிச் சுயவிவரத்துக்குள், அதாவது அலுவலகச் செயலிகளுக்கென ஒதுக்கிய தனிப் பகுதிக்குள் மட்டுமே தடை செல்லும். தனிப்பட்ட பக்கத்தை அது தொடாது.

தடையைக் கணக்குப் பிரிவுக்கு மாற்றியதும் 21 கைபேசிகள் சரியாகின. மற்ற இரண்டும் இணையத் தொடர்பில்லாமல் கிடந்தவை; டேட்டாவை இயக்கியதும் புதிய விதியைப் பெற்றுக்கொண்டன.

தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்கச் சொன்ன நண்பரே, நல்லவேளை நான் கேட்கவில்லை. முகாமை மென்பொருளில் மறுபடி பதிவானதும் அதே தடைதான் இறங்கியிருக்கும். ஆறு இலக்கத் திரைப்பூட்டு விதி மட்டும் எல்லோருக்குமாக நிறுவன அமைப்பிலேயே இருக்கிறது, அதை அங்கிருந்து மாற்றப்போவதில்லை.